முடிந்த ஓலையில் இன்னொரு படி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எவ்வளவு முன்னால் என்று என்னை நோண்டாதீர்கள், கேட்டுச் சொல்ல எனக்கு அங்கே ஆள் கிடையாது. ராஜாவின் பெயர் இளவேங்கை. தங்கமான மனுஷர்தான். ஆனால் மனதில் ஒன்று தோன்றிவிட்டால் அது நடந்தே ஆகவேண்டும். ராஜாக்களுக்கென்றே வருகிற வியாதி அது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரண்மனை வேலை எதுவானாலும் முதலில் ஓர் ஓலை எழுதுவார்கள். முதல் படி இது, இரண்டாம் படி இது என்று வரிசையாக இருக்கும். ஓலையின் காதுத்துளையில் ஒரு சிவப்புக் கயிறு. ஒரு படி முடிந்தால் கயிற்றில் ஒரு முடிச்சு. எல்லாப் படியும் முடிந்ததும் கயிற்று நுனியில் அரக்கு வைத்து ராஜா முத்திரை குத்துவார். வேலை செய்தவர்களுக்குத் தன் கையால் வெற்றிலை கொடுப்பார். அந்த வெற்றிலையை வாங்கினால்தான் ஊருக்குப் போகலாம். வாங்காதவன் எல்லையைத் தாண்ட முடியாது.

இப்படி ஓர் ஓலைக்குக் கட்டுப்பட்டுத்தான் இருளப்பன் என்கிற ஏரிவேலைத் தலைவன் தன் ஆட்கள் நாற்பது பேரோடு வந்து ஆறு வருஷம் மண் சுமந்தான். இரண்டு மலைகளுக்கு நடுவே கரை போட்டு, மதகு வைத்து, மிஞ்சுகிற நீர் வழியக் கலிங்கு கட்டி, பன்னிரண்டு படிகளையும் முடித்தான். அந்த ஐப்பசியில் வானம் பிளந்து கொட்டியது. ஐந்தாம் நாள் காலையில் கரைமேல் ஏறிப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அடேயப்பா! எதிர்க்கரை தெரியவில்லை. நேற்றுவரை ஆடு மேய்ந்த இடத்தில் மேகம் மிதந்தது. ஒவ்வொரு கல்லையும் இந்தக் கையால் தடவித் தடவி வைத்தவன்தான். இருந்தாலும் அவனுக்கு நம்ப முடியவில்லை. "இதையா நாம கட்டுனோம்?" என்று பக்கத்தில் நின்ற மனைவி குருவம்மாளிடம் கேட்டான். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

ராஜாவும் வந்தார். யானையிலிருந்து இறங்கியவர், சொல்ல வந்ததை மறந்து நின்றார். ஊர் ஜனம் மொத்தமும் கரையில் கைகூப்பி நின்றது. ஒரு குழந்தைகூட அழவில்லை என்றால் பாருங்களேன்.

ராஜா முத்திரை குத்தி வெற்றிலையும் கொடுத்துவிட்டார். இருளப்பனுக்கு அவசரம். அவன் ஊர் தெற்கே வறண்ட காட்டில் இருக்கிறது. குடிக்கிற தண்ணீருக்கு இரண்டு காத தூரம் போகவேண்டும். அடுத்த மழைக்குள் அங்கேயும் ஓர் ஏரி வெட்டித் தருகிறேன் என்று ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தான். ஆட்கள் வண்டி பூட்டத் தயாரானார்கள்.

அங்கேதான் வந்தது வினை. ராஜாவுக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை. ஆறு வருஷமாகத் தினமும் காலையில் கேட்கிற செய்தி 'ஏரியில் இன்று என்ன ஆயிற்று?' என்பதுதான். இனிமேல் கேட்க ஒன்றுமில்லை என்றால் வெறிச்சென்று இருந்தது.

ராஜாவின் முகத்தைப் படிப்பதற்கென்றே ஒருத்தர் சபையில் இருந்தார். ஓலைநாயகம் கச்சிராயர். எல்லா வேலை ஓலைகளுக்கும் அவர்தான் பொறுப்பு. "மகாராஜா, முடிந்த ஓலையில் ஒரு படி கூட்டினால் என்ன? கரை நெடுக முந்நூறு மருதங்கன்று நடச் சொல்லலாமே" என்றார்.

ராஜாவின் முகம் மலர்ந்துவிட்டது. அரக்கு உடைந்தது. கொடுத்த வெற்றிலை திரும்ப வாங்கப்பட்டது.

இருளப்பன் கன்று நட்டான். முத்திரை விழுந்தது. மாடு பூட்டும்போது ஆள் வந்தது: இன்னொரு படி, கரைமேல் ஒரு சின்ன மண்டபம். கட்டினான். மறுபடி மாடு பூட்டினான். மறுபடி ஆள் வந்தது: மதகுக்கு இரண்டு பக்கமும் கல் யானை. கார்த்திகை போய், தை போய், மாசியும் போய்விட்டது. பூட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்ததில், ஆளைக் கண்டாலே மாடுகள் தாமாகவே நுகத்தடியிலிருந்து கழுத்தை எடுத்துக்கொள்ளும்!

"மண்ணு வெட்டுற காலமே போயிரும் போலிருக்கே. ஊருல நம்மள எதிர்பாத்துக்கிட்டு இருப்பாங்களே" என்று குருவம்மாள் புலம்பினாள். இருளப்பன் யாரிடம் போய்ச் சொல்வான்? கடைசியில் விகடகவி சொக்கட்டானிடம் போய் நின்றான். இயற்பெயர் என்னவோ, சொக்கட்டான் ஆட்டத்துப் பகடை மாதிரி எங்கே விழுவான், எப்படி விழுவான் என்று தெரியாததால் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மறுநாள் சபையில் சொக்கட்டான் எழுந்தான். "மகாராஜா, நேற்று என் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, சோற்றுக்கு முன்னால் ஒரு கூட்டு வைக்க மறந்துவிட்டேன் என்றாள் என் மனைவி. இன்னும் சாப்பாடு முடியவில்லையாம். இலையிலிருந்து எழுந்திருக்கவே விடவில்லை!" என்றான்.

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். கச்சிராயருக்கு மட்டும் வயிறு எரிந்தது. சொக்கட்டான் வாயைத் திறந்தாலே அவருக்கு அப்படித்தான். இவனையும் சேர்த்து மாட்டிவிட இதுதான் சமயம் என்று கணக்குப் போட்டார்.

"மகாராஜா, இதைச் சட்டமாகவே ஆக்கிவிடலாம். முடிந்த எந்த ஓலையிலும், அரண்மனைப் பணியாளர் எவரும், எந்த இடத்திலும் ஒரு படி சேர்க்கலாம். சேர்த்த படி நிறைவேறும்வரை அந்த வேலை முடிந்ததாகாது" என்றார். ராஜா தலையசைத்தார். உடனே கச்சிராயர் ஏரி ஓலையை எடுத்தார். "மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவில் ஒன்று சேர்க்கிறேன். மதகின் அடிக்கல்லில் மகாராஜாவின் திருநாமம் பொறிக்க வேண்டும்."

சொன்னதோடு நிற்கவில்லை. "நடுவில் ஒரு படி பாக்கி என்றால் அதற்குப் பின்னால் உள்ளது எதுவும் நடந்ததாகாது" என்று சொல்லிக்கொண்டே, எழுத்தாணி முனையால் கயிற்றின் முடிச்சுகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கல் யானை அவிழ்ந்தது. கலிங்கு அவிழ்ந்தது. கரை அவிழ்ந்தது. இருளப்பனுக்குத் தன் ஆறு வருஷமும் அந்தக் கிழவர் விரலில் உருவிக்கொண்டு போவதாகவே பட்டது. வாய்விட்டு அழுதுவிட்டான்.

"சாமி, அடிக்கல்லு முப்பது அடித் தண்ணிக்குக் கீழ கிடக்குதுங்க. அதைத் தொடணும்னா கரையை வெட்டணும். பதினெட்டு ஊரு பயிரு இப்பத்தான் கதிர் விடுதுங்க. எல்லாம் போயிருங்க சாமி!"

ராஜாவுக்கும் திக்கென்றது. ஆனால் தன் பெயர் கல்லில் ஏறப்போகிறது என்ற ஆசை ஒரு பக்கம், சபையில் தலையசைத்தாயிற்றே என்ற ரோஷம் ஒரு பக்கம். "சொக்கட்டான், இவனுக்காகப் பரிந்து பேசினவன் நீ. மூன்று நாள் தருகிறேன். கரையில் ஒரு கூடை மண் சரியக்கூடாது, ஏரியில் ஒரு குடம் நீர் குறையக்கூடாது. இந்தச் சிக்கலை நீயே தீர்த்துவை. முடியாவிட்டால் கரை வெட்டப்படும். நீயும் இந்த நாட்டில் இருக்க வேண்டாம்" என்றார்.

வெளியே வந்ததும் இருளப்பன், "என்னால உனக்கும் கெடுதலாப் போச்சே தம்பி" என்றான்.

"போங்கண்ணே, மாட்டுக்கு நல்லாத் தீனி போட்டு வையுங்க. மூணாம் நாள் பயணம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சொக்கட்டான் சீழ்க்கை அடித்துக்கொண்டு முடிந்த ஓலைகள் இருக்கும் மண்டபத்துப் பக்கம் போனான்.

மூன்றாம் நாள் சபை நிரம்பி வழிந்தது. சொக்கட்டான் பட்டுத்துணியில் சுற்றிய ஓர் ஓலையோடு வந்தான்.

"ஓலைநாயகம் அவர்களே, ஒரு சந்தேகம். எந்த ஓலையிலும் படி சேர்க்கலாம், அப்படித்தானே?"

"எந்த ஓலையிலும்!"

"நடுவில் சேர்த்தால், பின்னால் உள்ளது எதுவும் நடந்ததாகாது?"

"ஆகாது! எத்தனை தடவை கேட்பாய்?"

"நல்லது. இது எட்டு வருஷத்துக்கு முன் முத்திரை விழுந்த ஓலை. முதல் படி, ஏழு ஆற்று நீர் கொணர்தல். இரண்டாம் படி, நீராட்டல். மூன்றாம் படி, வெண்பட்டு உடுத்தல். நான்காம் படி..." சொக்கட்டான் நிமிர்ந்து பார்த்தான். "முடிசூட்டல். இதற்கு முன்னால் நேற்று நான் ஒரு படி சேர்த்திருக்கிறேன்."

சொல்லிவிட்டு, கச்சிராயர் செய்தது போலவே எழுத்தாணியால் முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தான். அரியணை ஏறுதல் அவிழ்ந்தது. செங்கோல் அவிழ்ந்தது. கடைசியில் கிரீடம் அவிழ்ந்தது.

இருளப்பன் வாழ்நாளில் எத்தனையோ உடைப்பெடுத்த கரைகளுக்கு முன்னால் நின்றவன். இப்படி ஒரு நெஞ்சழுத்தத்தை அவன் கண்டதே இல்லை. எவரானாலும் தன் முழங்கால் உயரம்தான் என்று மதிக்காமல் சிரித்துத் திரிகிற அந்தச் சின்ன மனுஷன், இரண்டு கையையும் நீட்டி ராஜா முன்னால் நின்றான்.

"இளவரசே, கிரீடத்தைக் கொடுங்கள். இன்னும் சூட்டவில்லை."

ராஜாவின் கை வாளுக்குப் போயிற்று. பிறகு மெதுவாகத் தலைக்குப் போயிற்று. சட்டம் அவர் போட்டதுதானே? கிரீடத்தைக் கழற்றிச் சொக்கட்டான் கையில் வைத்தார். இருளப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அநியாயம்!" என்று கத்தினார் கச்சிராயர். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "எட்டு வருஷத்துக்கு முன் நடந்த பட்டாபிஷேகம்! முத்திரை விழுந்த ஓலை! முடிந்த வேலை முடிந்ததுதான். அதில் போய் எவன் படி சேர்ப்பது? செல்லாது! செல்லவே செல்லாது!"

"அப்படியானால் ஏரி ஓலையில் தாங்கள் சேர்த்த படி?" என்று சொக்கட்டான் அமைதியாகக் கேட்டான். "அதுவும் முத்திரை விழுந்த ஓலைதான். நான் சேர்த்தது செல்லாது என்றால் தாங்கள் சேர்த்ததும் செல்லாது, கரையைத் தொட வேண்டாம். நான் சேர்த்தது செல்லும் என்றால் இங்கே இன்னும் ராஜாவே இல்லை. ராஜா இல்லாத நாட்டில் கரையை வெட்ட உத்தரவு யார் போட்டது? எது வசதி என்று தாங்களே சொல்லுங்கள்."

கச்சிராயர் தலையைக் குனிந்துகொண்டார். சபை கொல்லென்று சிரித்தது.

ராஜா மட்டும் சிரிக்கவில்லை. "நீ சேர்த்த படி என்ன?" என்று கேட்டார்.

சொக்கட்டான் வாசித்தான்: "முடிசூடுமுன், தம் நாட்டின் பெரிய நீர்நிலைக் கரையில் ஒரு நாழிகை வாய் திறவாமல் நிற்றல்."

"செல்லாத படிதான்," என்றார் ராஜா. "ஆனாலும் போவோம்."

வெறுந்தலையோடு அவர் கரையேறினார். பின்னால் சபை முழுவதும் ஏறிற்று. காற்று இல்லை. மலை இரண்டும் தலைகீழாக நீருக்குள் நின்றன. மதகு வழியே போகிற தண்ணீர் மட்டும் ஒரே சுருதியில் இரைந்தது. அது போகிற திசையில் கண்ணுக்கு எட்டியவரை பச்சை. ராஜா பேசாமல் பார்த்தார். ஆறு வருஷமாக என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று கேட்டவர், ஆகி முடிந்ததை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. தான் கட்டியது எவ்வளவு பெரியது என்று அந்த நிமிஷம் மறுபடியும் இருளப்பனுக்கு உறைத்தது.

நாழிகை கழிந்தது. "முடிந்தது என்று சொல்லிவிட்டால் இந்த ஆச்சரியமும் முடிந்துவிடுமோ என்று பயந்துவிட்டேன், இருளப்பா," என்றார் ராஜா.

"வேலைதானுங்க சாமி முடிஞ்சது. தண்ணி இப்பத்தானே ஓட ஆரம்பிச்சிருக்கு," என்றான் இருளப்பன்.

ராஜா தலையில் கை வைத்துப் பார்த்தார். கிரீடம் எங்கே என்று திரும்பினால், சொக்கட்டான் அதைத் தன் மேல்துண்டில் மூட்டையாகக் கட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்! ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கிறார், சிரிக்கிறார், மலையில் பட்டு எதிரொலிக்கிறது. கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சொக்கட்டான் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"புது ஆசைக்குப் புது ஓலை, மகாராஜா. இருளப்பண்ணன் ஊருக்கு ஓர் ஏரி. அரண்மனை வேலையாக."

ராஜா அங்கேயே ஓலை கொண்டுவரச் சொன்னார். கச்சிராயரே எழுதினார். முதல் படி, இருளப்பன் வண்டி பூட்டிப் புறப்படுதல். இரண்டாம் படி, இடம் பார்த்து வாய்க்கால் குறித்தல். எழுதி முடித்து அவர் எழுத்தாணியை மடக்கும்போது ராஜா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொறும். இந்த ஓலை இன்னும் முடியவில்லையே? அப்படியானால் படி சேர்க்கலாம். மூன்றாம் படி, முதல் நூறு கூடை மண்ணை ஓலைநாயகம் தம் தலையில் சுமத்தல்."

குருவம்மாள் வண்டியிலிருந்து ஒரு காலிக் கூடையை எடுத்து, மரியாதையாகக் கச்சிராயர் கையில் கொடுத்தாள். ராஜா வெற்றிலையை நீட்டினார். இருளப்பன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஏரியை ஒருமுறை விழுந்து கும்பிட்டுவிட்டு, மாட்டைப் பூட்டினான். யாரும் பின்னாலிருந்து கூப்பிடவில்லை. வண்டி கரையை விட்டு இறங்கியதும், புது ஓலையின் கயிற்றில் ராஜாவே முதல் முடிச்சைப் போட்டார்.