நரி மெச்சிய பாடம்

வேலங்காட்டுக் குளக்கரையில் ஒரு கரிச்சான் குருவி குட்டிகளுக்குப் பாடம் நடத்தி வந்தது. ஒரே பாடம்தான். நரி வந்தால் எப்படித் தப்புவது?

அதில் தேறின குட்டி மட்டும் தாய் துணையில்லாமல் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடிக்கலாம். தேறாதது, தாய் இரை தேடித் திரும்பும்வரை நாக்கு வறண்டு கிடக்க வேண்டியதுதான். காடே ஒத்துக்கொண்ட கோடைக் கட்டுப்பாடு அது.

"நான் கத்தினதும் மரத்துல ஏறு! அவ்வளவுதான் பாடம்!" என்றது கரிச்சான்.

அணில்குட்டி விருட்டென்று ஏறியது. "பலே!"

முயல்குட்டி எம்பி எம்பிக் குதித்தது. நகம் வழுக்கித் தொப்பென்று விழுந்தது. ஆமைக்குட்டிக்குக் காது மந்தம். கரிச்சான் கத்தினதே அதற்குத் தெரியவில்லை. மற்றவர்களைப் பார்த்துத் தானும் வேரில் காலை வைத்து, மல்லாக்கப் புரண்டது.

"மக்கு! மக்கு! நாளைக்கும் இதே பாடம்!"

தாய் முயலுக்குப் பொறுக்கவில்லை. "வாத்தியாரே, எங்க பரம்பரையில யாரு மரம் ஏறினது? பிள்ளை தண்ணியில்லாமத் துவண்டு போறானே!"

"உன் பிள்ளைக்குன்னு தனிப் பாடமா? எல்லாருக்கும் ஒண்ணுதான். அதுதான் நியாயம்!" கரிச்சானுக்குத் தன் நியாயத்தில் வெகு பெருமை.

எல்லாரும் கலைந்த பிறகு புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அருமை வாத்தியாரே, அருமை!"

நரி! கரிச்சான் உச்சிக்கிளைக்குத் தாவியது.

"பயப்படாதீர். தினமும் உம்ம பாடத்தைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அணிலு எனக்கு என்னைக்கும் எட்டாது. முயலையும் ஆமையையும் மரத்தடியிலேயே நிக்கப் பழக்கறீரே, உம்ம வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்! பாடத்தை மட்டும் மாத்திடாதீர்!"

நரி வாலை ஆட்டிக்கொண்டு போனது. கரிச்சானுக்குச் சுருக்கென்று உறைத்தது. எதிரி மெச்சும்படியா இத்தனை நாள் சொல்லிக் கொடுத்தோம்?

மறுநாள் அது கிளையை விட்டுத் தரைக்கு இறங்கியது. முயல்குட்டியிடம் போய், "நரி வந்தா நீ எங்கேடா போவே?" என்று கேட்டது.

"முள்ளுப்புதருக்குள்ள, வாத்தியாரே. அதுக்கு முன்னாடி பின்னங்காலால தரையைத் தட்டுவேன். எங்க வழக்கம்."

"எங்கே, தட்டு பார்ப்போம்!"

தட்டியது. ஆமைக்குட்டி சட்டென்று தலையைத் தூக்கியது. "வயித்துல அதிருதே! இது எனக்குத் தெரியுது வாத்தியாரே! நான் தண்ணிக்குள்ள போயிடவா?"

"போடா என் ராஜா!"

அன்று முதல் அப்படியே பழகினார்கள். எல்லாரும் தேறினார்கள்.

ஒரு மத்தியானம் குட்டிகள் தனியாகத் தண்ணீர் குடிக்கும்போது நரி பாய்ந்தது. கரிச்சான் கத்தியது. அணில் மரத்தில் ஏறியது. முயல் தரையைத் தட்டிவிட்டுப் புதருக்குள் புகுந்தது. ஆமை 'பொளக்' என்று நீருக்குள் போனது. கரையில் நரி மட்டும் நின்றது.

"பாடத்தை மாத்திட்டீரே வாத்தியாரே!"

"பாடம் அதேதான் நரியாரே! உம்ம வாயில விழாம இருக்கறது. வந்ததுக்குத் தண்ணி குடிச்சிட்டுப் போம்!"

எல்லாரையும் ஒரே மரத்தில் ஏறச் சொல்வது நியாயமாகாது. அவரவர் காலுக்கு ஏற்ற வழியைக் காட்டுவதே சொல்லிக் கொடுப்பவருக்கு அழகு.