துபாய் போனால் இறக்கம், திருச்சி வந்தால் ஏற்றம்

மட்டப்பாறையில் ஒருவருக்குத் தெரியாத விஷயம் அடுத்தவருக்கும் தெரியாது. அவ்வளவு ஒற்றுமையான ஊர். அந்த ஊர்ச் சடையன் தன் மகள் பவளக்கொடிக்கு, துபாயில் பெயின்ட் அடிக்கும் உள்ளூர்க்காரர் காசிலிங்கத்தை நிச்சயம் செய்திருந்தார். தாலியை மாப்பிள்ளையே அங்கே வாங்கி வருவதாகப் பேச்சு.

விமானம் எப்போது வரும் என்று விசாரிக்க, சடையனும் மச்சினன் தொப்புளானும் திருச்சியில் டிக்கெட் போடும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். இங்கே காலை பத்துக்குக் கிளம்பினால் பன்னிரண்டரைக்குத் துபாய். அங்கே பத்துக்குக் கிளம்பினால் மூன்றரைக்குத் திருச்சி. தூரம் ஒன்றுதான், இரண்டு ஊர்க் கடிகாரமும்தான் வேறு வேறு மணி காட்டும் என்றார். கடிகாரம் ரிப்பேர் என்றால் அதற்கு அவர் என்ன செய்வார் பாவம் என்று இரக்கப்பட்டு இருவரும் ஊர் திரும்பினார்கள்.

ஊர் கூடி யோசித்தது. ஒரே தூரம், போக இரண்டரை மணி, வர ஐந்தரை மணி. கொல்லிமலைக்குப் போகும் லாரியில் கிளீனராக இருந்த தொப்புளான்தான் காரணத்தைக் கண்டுபிடித்தான்.

"துபாய் பள்ளத்துல இருக்கு மாமா. போறப்ப இறக்கம், வர்றப்ப ஏத்தம்."

சடையன் எழுந்து நின்றுவிட்டார். "ஏத்தத்துல நின்னு போச்சுன்னா?"

"பின்னால உருளும்."

"எதுவரைக்கும்?"

"துபாய் வரைக்கும்தான். அதுக்கு மேல எங்க போகப்போவுது?"

முகூர்த்தம் தவறினால் மகள் கதி என்ன ஆவது என்று சடையன் அழுதேவிட்டார். பெற்ற மனசு. உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, கனமான சாமான் எதையும் ஏற்றாமல் வரச் சொன்னார்.

விமானம் வரும் நாளில் ஆளுக்கொரு கருங்கல்லோடு ஊரே விமான நிலையத்தில் நின்றது. காவலர் எதற்கென்று கேட்டார். மேடேறி வந்து நிற்கிற விமானம் உருண்டுவிடாமல் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க என்று தொப்புளான் விளக்கினான். காவலர் கல்லையெல்லாம் வெளியிலேயே வைக்கச் சொல்லிவிட்டார்.

காசிலிங்கம் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார். சடையன் கட்டிக்கொண்டு, தாலி எங்கே என்றார்.

"கனமானதை ஏத்தாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க மாமா? தங்கத்தைவிடக் கனம் எது? ரூம்லயே வெச்சுட்டேன்."

சொன்ன சொல் தட்டாத மாப்பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள். கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்ததால், அங்கேயே நின்று யோசித்தார்கள். போவது இறக்கம்தான், மாப்பிள்ளை சட்டென்று போய்விடலாம். வருவதுதான் பாடு. தாலியும் ஆளும் ஒன்றாக ஏறினால் விமானம் தாங்குமா? ஏதாவது ஒன்றுதான் வர வேண்டும் என்று முடிவானது. மறுநாளே அவரைத் துபாய்க்கு ஏற்றி அனுப்பினார்கள்.

முகூர்த்தத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. பவளக்கொடி மணையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை கொடுத்தனுப்பி, துபாயிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் பத்திரமாகக் கொண்டுவந்த தாலி, தட்டில் எல்லோரிடமும் ஆசி வாங்கிக்கொண்டிருந்தது. சடையன் வாசலில் நின்று, வந்தவர்களிடமெல்லாம் பூரிப்போடு சொன்னார்.

"மாப்பிள்ளை ஏறாததால கனம் குறைஞ்சு, பிளேன் கால் மணி நேரம் முன்னாடியே வந்துருச்சுங்க."