ஒரே படத்துக்கு மூன்று மாப்பிள்ளை

வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருக்கிறேன். கையில் எண்ணெய் தடவியிருந்தும் கறை ஏறிவிட்டது. ஒரு மடலைப் பிரித்தபோது உள்ளேயிருந்து மஞ்சளாக ஏதோ ஒன்று விருட்டென்று எழுந்தது. என் கொழுந்தன் ரவீந்திரன் பக்கத்தில் இருந்தான். டக்கென்று போனில் படம் பிடித்து, "இது என்னன்னு சொல்லுங்க" என்று வீட்டு குரூப்பில் போட்டுவிட்டான். நாத்தனார் தேனீ என்றாள். அவள் வீட்டுக்காரர் குளவி என்றார். சென்னையில் இருக்கும் சித்தப்பா, இறக்கை முளைத்த எறும்பு என்று எழுதி, கீழே ஒரு கும்பிடும் கையும் போட்டார். கொஞ்ச நேரத்தில் சண்டையே வந்துவிட்டது.

"அண்ணி, நீங்க சொல்லுங்க" என்றான் ரவி. படத்தைப் பார்த்தேன். பாதி வாழைப்பூ, பாதி மஞ்சள் மங்கல். எது என்று எனக்கும் தெரியவில்லை. ஏன் தெரிவதில்லை என்பதற்கு மட்டும் ஒரு கதை தெரியும். நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சம், அதனால் இங்கே சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் பூச்சிகளுக்கெல்லாம் பேச்சு வரும். பேச்சோடு விடாது, சம்பந்தம் பேசும், சீர் குறைந்துவிட்டது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். எல்லாம் நம்மைப் போலத்தான்.

ஓர் அத்திமரப் பொந்தில் கொட்டியம்மாள் என்று ஒரு அம்மா இருந்தாள். வீட்டுக்காரர் இல்லை. மூன்று பெண்கள். மூத்தவள் சுடலி, நடுவில் பூவாயி, கடைசி சின்னாயி. மூன்றும் ஒரே அச்சு. ஒரே உருண்டை உடம்பு, ஒரே மஞ்சள் கறுப்புப் பட்டை, அதே இறக்கை, அதே கொடுக்கு. பெற்றவளுக்கே ஆள் மாறிப்போகும். குளிப்பாட்டியவளையே திரும்பக் குளிப்பாட்டுவாள். சுடலிக்கு ஓங்கிய அடி சின்னாயி மேல் விழும். சின்னாயி வாய் திறந்து "நான் இல்லம்மா" என்றுகூடச் சொல்ல மாட்டாள்.

குணம்தான் வேறு வேறு. சுடலிக்கு மூக்கு மேல் கோபம். பூவாயிக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது, பூவைக் கண்டால் சொன்ன வேலை மறந்துபோகும். சின்னாயி வைத்த இடத்தில் இருப்பாள்.

கொட்டியம்மாளுக்கு ஒரே கவலை. மழை பிடித்தால் பொந்துக்குள் தண்ணீர் ஏறும். போன வருஷமே நாலு பேரும் ஒருத்தி தோளில் ஒருத்தி ஏறி நின்றுதான் பிழைத்தார்கள். இந்த வருஷம் பெண்கள் வளர்ந்துவிட்டார்கள், அப்படி நிற்க முடியாது. மழைக்கு முன்னால் மூன்று பேரும் ஆளுக்கொரு வீடு போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

தரகர் தட்டான் மூன்று வரன் கொண்டுவந்தார். ஒன்று, சுவரில் மண்வீடு கட்டி வாழும் சேற்றுத்துரை. இரண்டாவது, மலை உச்சியில் தேன் சேர்க்கும் குடும்பத்து மலையாண்டி. மூன்றாவது, தரைக்கு அடியில் வளை தோண்டிக் குடியிருக்கும் கருப்பன்.

"மூணு வீட்டுலயும் ஒரே பேச்சுத்தான் அக்கா" என்றார் தட்டான். "முதல்ல பொண்ணு படம் காட்டுங்கங்கிறாங்க."

"நேர்ல வந்து பார்க்கிறது?"

"படம் பிடிச்சாத்தான் வருவாங்களாம். இப்ப எல்லாம் அப்படித்தான்."

அந்தச் சுற்று வட்டாரத்தில் படம் எடுப்பவர் ஓணான் ஒருவர்தான். அவர் எடுக்கும் விதம் இப்படி: நல்ல தேக்கிலையை வெயிலில் விரிப்பார். அதன் மேல் பெண் அசையாமல் நிற்க வேண்டும். வெயில் பட்ட இடமெல்லாம் வெளுக்கும், பெண் நின்ற இடம் மட்டும் பச்சையாக நிற்கும். அதுதான் படம். ஒரே ஒரு சிக்கல், ஓணானுக்குப் பூச்சி என்றால் உயிர். அதனால் கொட்டியம்மாள் கொடுக்கை நீட்டிக்கொண்டு அவர் மூக்குக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள்.

"நாக்கு வெளிய வந்துச்சுன்னா தெரியும் சேதி!"

"சே சே, தொழில் வேற, சாப்பாடு வேற தாயி" என்றார் ஓணான், எச்சிலை விழுங்கிக்கொண்டு.

முதலில் சுடலியை நிறுத்தினார்கள். "கொஞ்சம் சிரிம்மா" என்றார் ஓணான். "எதுக்குச் சிரிக்கணும்? நான் என்ன கோமாளியா?" என்று அவரைச் சுற்றி ரெண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். இலையில் ஒரு பச்சைத் தீற்றல்தான் விழுந்தது. பூவாயியை நிறுத்தினார்கள். பக்கத்தில் பூசணிப்பூ விரிந்தது, ஆளைக் காணோம். இலை முழுக்க வெள்ளை.

"இது பொண்ணு படமா, வெறும் இலையா?" என்று தட்டான் தலையில் கை வைத்தார்.

சின்னாயி வந்து நின்றாள். நின்றவள் நின்றவள்தான். கால் மரத்துப்போயிற்று, முதுகு காந்தியது, அசையவில்லை. இலையில் அச்சு அசலாக விழுந்தது படம், மீசை வரைக்கும்.

கொட்டியம்மாள் அதைப் பார்த்தாள். பெண்களைப் பார்த்தாள். திரும்ப அதைப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, மூணும் ஒரே மாதிரிதானே? இவளையே இன்னும் ரெண்டு இலையில நிறுத்தினா என்ன?"

"அக்கா, அது தப்பில்லையா?"

"என்ன தப்பு? சுடலி நின்னிருந்தாலும் இதே படம்தானே விழுந்திருக்கும்? அவ நிக்கலை, அவ்வளவுதான்."

தட்டான் இன்னும் இரண்டு தேக்கிலை பறித்து வந்தார். பாவம், சின்னாயி பொழுது சாயும்வரை இன்னும் இரண்டு இலையில் நின்றாள். மூன்று படமும் மூன்று வீட்டுக்குப் போயின.

பதில் வந்தது. சேற்றுத்துரையின் அம்மா, "பொண்ணு அடக்கமா இருக்கு, இடுப்புத்தான் கொஞ்சம் பெரிசு, எங்க வீட்டு வாசல் சின்னது, பார்த்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினாள். மலையாண்டி வீட்டில், "இறக்கை நல்ல நீளம், தினம் மலை ஏறி இறங்கத் தாங்கும்" என்றார்கள். கருப்பன் மட்டும் தட்டானைத் தனியே கூப்பிட்டு, "இவ்வளவு தெளிவா விழுந்திருக்குன்னா எவ்வளவு நேரம் நின்னிருக்கும்? கால் வலிச்சிருக்குமேண்ணே" என்று கேட்டானாம்.

இதைத் தட்டான் சொன்னபோது சின்னாயி பொந்தின் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் காலைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை. கட்டினால் இவனைத்தான் என்று மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டாள். வழக்கம்போல யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாண நாள் வந்தது. மூன்று மாப்பிள்ளை வீடும் ஒரே முகூர்த்தத்துக்கு அத்திமரத்தடியில் கூடிவிட்டன. பொழுது இறங்குவதற்குள் தாலி ஏற வேண்டும், அதற்கப்புறம் மழை மாசம். மேற்கே மேகமும் கறுத்துவிட்டது. ஈ ஒருவன் அழைப்பில்லாமலே வந்து, மஞ்சளைக் குழைத்து வயிற்றில் பட்டை போட்டுக்கொண்டு முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தான்.

"நீ யாருப்பா?"

"பொண்ணுக்கு ஒண்ணுவிட்ட தாய்மாமன். பாயசம் எங்க?"

பெண்களை அழைத்து வந்தார்கள். மாப்பிள்ளைகள் மூவரும் கையில் வைத்திருந்த இலையைப் பார்த்தார்கள், பெண்களைப் பார்த்தார்கள். சுடலி ஒரு இடத்தில் நிற்காமல் பொருமிக்கொண்டிருந்தாள். பூவாயி மாலையில் இருந்த பூவுக்குள் தலையை விட்டிருந்தாள். சின்னாயி அசையாமல் நின்றாள், இலையில் நின்றது போலவே.

மூன்று விரலும் ஒரே பக்கம் நீண்டன. "இந்தப் பொண்ணுதான்!"

அப்புறம் என்ன, கூச்சல்தான். "எங்க படத்தை நீங்க எதுக்கு வச்சிருக்கீங்க?" "இது எங்க படம்!" "மூணும் ஒரே படம்ல!" சேற்றுத்துரையின் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்ன சம்பந்தி, ஒரு பொண்ணைக் காட்டி மூணு பேரைக் கூப்பிட்டிருக்கீங்களா?"

"எல்லாம் ஒரே மாதிரிதானே சம்பந்தி, யாரா இருந்தா என்ன?" என்றாள் கொட்டியம்மாள்.

"யாரா இருந்தா என்னவா! படத்துல நின்ன பொண்ணு வேணும். இல்லைன்னா இப்பவே கிளம்புறோம்."

"அந்தப் பொண்ணு எங்களுக்குத்தான், நாங்கதான் முதல்ல கையைக் காட்டுனோம்" என்றது மலை வீடு. எல்லாரும் ஓணானைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒரே பொண்ணைத்தானே மூணு தடவை எடுத்தே?" ஓணான் ஆமாம் என்று தலையாட்டினார். கொட்டியம்மாள் முறைத்தாள், அதற்கும் தலையாட்டினார். யார் என்ன கேட்டாலும் ஆட்டினார். பயத்தில் ஆடிய தலை பிறகு நிற்கவே இல்லை.

"நான் என்ன வேண்டாத பொண்ணா?" என்று சுடலி ஒரு பக்கம் கொதித்தாள். பூவாயி வெட்கம் தாங்காமல் பூசணிப்பூவுக்குள் போய் ஒளிந்துகொண்டாள். சாயங்கால வெயில் மரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டது. மேகம் உறுமியது. மலை வீட்டார் தட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்கள். கருப்பன் சண்டை போடவில்லை. தூரத்தில் இலையைக் கையில் பிடித்துக்கொண்டு முழித்தபடி நின்றான்.

சின்னாயி அம்மா முகத்தைப் பார்த்தாள். தான் மூன்று இலையில் நின்றதால் வந்த வினை இது. ஏதாவது சொல்ல வேண்டும், ஆனால் வாய் வரவில்லை. அத்தனை பேர் பார்க்கிறார்கள், எப்படி வரும்?

முன்னால் வந்தாள். காலை முதுகுக்குப் பின்னால் வளைத்தாள். ஒரு இறக்கையைப் பிடித்து இழுத்தாள். பிய்ந்து வந்தது. இன்னொன்று. பிறகு மற்ற இரண்டும். எல்லாவற்றையும் கல்யாணப் பந்தல் நடுவில் அழகாக அடுக்கி வைத்துவிட்டு, தலை குனிந்து நின்றுகொண்டாள்.

பந்தலே திரும்பிப் பார்த்தது. ஈகூடப் பாயசத்தை நிறுத்தினான்.

"ஐயையோ!" என்று முதலில் கத்தியது சேற்றுத்துரையின் அம்மா. "இறக்கை இல்லாத பொண்ணா? எங்க வீடு சுவத்து மேலல்லவா இருக்கு, ஏணியா போட முடியும்?"

"இது நடந்து போய்த் தேன் எடுத்து, நடந்து மலை ஏறி வர்றதுக்குள்ள எங்க பேரன் கிழவனாயிருவான்" என்றார் மலையாண்டியின் அப்பா.

கருப்பன் மெதுவாகக் கிட்ட வந்தான். "எங்க வீட்டு வளை ரொம்பக் குறுகலுங்க. இறக்கையோட உள்ள நுழையவே முடியாது. கட்டிக்கப்போற பொண்ணுகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் காலையிலேருந்து முழிச்சுக்கிட்டு நிக்கிறேன்" என்றான். பிறகு சின்னாயியிடம் மட்டும் கேட்கிற மாதிரி, "வலிச்சுதா?" என்றான்.

இல்லை என்று தலையாட்டினாள். பொய்தான்.

முதல் தாலி ஏறியது. இறக்கை உள்ள பெண் கிடைத்தால் போதும் என்று மற்ற இரண்டு வீடும் இறங்கி வந்தன. கொட்டியம்மாளுக்குப் புத்தி வந்துவிட்டது. "ஆளுக்கொரு அடையாளம் வேணும், இல்லைன்னா நாளைக்கே திருப்பி அனுப்புவாங்க! எடு அந்தச் சிலந்தி நூலை!" சுடலியின் நடுவில் நூலைச் சுற்றி, இந்தப் பக்கம் தட்டான், அந்தப் பக்கம் அம்மா, காலை உதைத்து இழுத்தார்கள்.

"மூச்சு முட்டுதும்மா!"

"மாமியார் வீட்டு வாசல் சின்னதுடி, பொறுத்துக்கோ!"

இடுப்பு நூலிழையாகப் போயிற்று. முடிச்சு மட்டும் அதற்கப்புறம் அவிழவே இல்லை. அந்த எரிச்சலில்தான் அவள் கண்டவரையெல்லாம் கொட்டுகிறாள். நடு மகளைத் தேடிப் பூசணிப்பூவைக் குலுக்கினார்கள். உடம்பெல்லாம் மகரந்தம் ஒட்டி, முடி சிலிர்த்துப் பொசுபொசுவென்று விழுந்தாள் பூவாயி. எவ்வளவு தட்டியும் போகவில்லை. "அடடா, பொண்ணு சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு, மலைக்குளிருக்கு நல்லது" என்று மலையாண்டி வீட்டில் சந்தோஷமாகிவிட்டார்கள்.

முதல் தூறல் விழும்போது மூன்றாவது தாலியும் ஏறிவிட்டது. பிறகுதான் மனிதர்கள் அந்த மூன்று வீட்டுக்கும் குளவி, தேனீ, எறும்பு என்று பேர் வைத்தார்கள். பந்தி முடிந்து பட்டையைக் கழுவப் போன ஈக்கு மஞ்சள் போகவே இல்லை. இன்றைக்கும் அவன் வம்சம் பூவுக்குப் பூ போய், பெண் வீட்டுச் சொந்தம் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறது.

பெண்களை வழியனுப்பும்போது கொட்டியம்மாள் மூன்று பேர் காதிலும் ஒரே புத்தியைச் சொன்னாள். "ஒரு படத்தால பட்டது போதும். இனிமே எவன் படம் பிடிக்க வந்தாலும் அசையாம நிக்காதீங்கடி."

அன்று முதல்தான் யார் படம் எடுக்கப் போனாலும் இவர்கள் ஒரு கணம்கூட நிற்பதில்லை. படம் மங்கலாக விழும், இடுப்பும் தெரியாது முடியும் தெரியாது, பார்க்கிறவர்கள் ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை போடுவார்கள். அன்று முதல்தான் எறும்பு வீட்டுப் பெண்கள் கல்யாணத்தன்று மட்டும் இறக்கையோடு வந்து, முடிந்ததும் அதைத் தாங்களே கழற்றி வாசலில் போட்டுவிட்டு வளைக்குள் இறங்குகிறார்கள். மழை விட்ட காலையில் புற்றோரம் அது கிடக்கும். பெருக்கும்போது என் கை சில நாள் நின்றுபோகும். கல்யாணமாகி இந்த வீட்டு வாசலுக்கு வந்த அன்று, நானும் எதையாவது கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேனா என்று ஒரு தடவை யோசித்துப் பார்த்தேன். யாரும் கேட்டதில்லை, அதனால் சொன்னதுமில்லை, ஆனால் யோசித்தவுடனே நினைவுக்கு வந்தது என்னவென்றால்,

"தெய்வானை! புள்ள முழிச்சுட்டான் பாரு, எங்க இருக்கே?"

இதோ வந்துட்டேன் அத்தை, கையைக் கழுவிட்டு, அது என்னன்னா எனக்கு அப்போ