கிணற்றைக் கேட்ட மலைப்பூ

மேலைச் செம்பாடி கூத்தப்பிள்ளையின் குமாரனும், எவரிடமும் கைகட்டிப் பயிலாது தானே எழுத்தறிந்தவனுமாகிய அரங்கசாமி என்னும் யான், அகவை எழுபத்தாறு நிரம்பிய நிலையில், சினத்தோடு வரைவது யாதெனில்:

வெகுகாலத்துக்கு முன் செம்பாடி என்னும் வறண்ட சீமையைக் கரிவரதராயன் என்றொரு மன்னன் ஆண்டான். காலையில் இட்ட ஆணையை மாலையில் மறப்பவன். அவனது கோட்டைத் தெருவார் தோட்டக் கழகம் ஒன்று நடத்தினர். ஆவாரை, நந்தியாவட்டை, சங்குப்பூ என அம்மண்ணுக்கு இசைந்தவற்றையே வளர்த்தனர். ஆதலால் தெருவின் ஒரே கிணறு குடிக்கவும் போதுமாயிருந்தது, செடிக்கும் போதுமாயிருந்தது. ஆடிப் பெருக்கன்று, பரிசு பெற்ற சிறந்த தோட்டத்தார் தம் கையாலேயே தோண்டி வீட்டுக்கொரு கன்று கொடுப்பதும், பெறுவோர் தம் கையாலேயே குழி வெட்டி நடுவதும் கழக வழக்கம்.

கழகத் தலைவி வேலாத்தாளின் தோட்டத்தை மன்னன் ஒருமுறை புகழ்ந்துவிட்டான். அதே தெருவில் குடியிருந்த பூபதிராயன் என்னும் அரசவையோனுக்கு அது பொறுக்கவில்லை. சில வாரங்களில் அவன் தோட்டம் முழுதும் குளிர்மலை நீலப்பூக்கள்!

"இந்த வெயிலில் எப்படி வளர்த்தீர், ராயரே?" என்று மயங்கினான் மன்னன்.

"தங்கள் ஆட்சியின் குளிர்ச்சி, மகாராஜா! தண்ணீர்தான் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்."

"கிணறு முழுதும் உமக்கே! ஆடிப் பெருக்கன்று பரிசும் உமக்கே. மற்றவர்கள் தங்கள் காட்டுச் செடிகளைப் பிடுங்கி எறியட்டும்!"

குடிக்கும் நீரைப் பூவுக்கு ஊற்றச் சொன்ன வாயை என்னென்பது! எழுதும்போதே எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிட்டது, முதுமையால் அன்று.

பரிசு நாளில் வேலாத்தாள் பூபதிராயனின் தோட்டத்துக்கே வந்து மன்னன் முன் நின்றாள்.

"என்னம்மா, அழுது கேட்க வந்தாயா?" என்று இளித்தான் ராயன்.

"கன்று வாங்க வந்தேன், ராயரே. சிறந்த தோட்டக்காரர் நீங்கள்தானே? தோண்டிக் கொடுங்கள்."

"நாளைக்கு ஆள் மூலம் அனுப்புகிறேன், போ."

"ஆள் தோண்டினால் கழகம் ஏற்காது. இதோ மண்வெட்டி. உங்கள் கைக்காகப் பிடியைக்கூடத் துடைத்திருக்கிறேன்."

மன்னனுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "தோண்டும், ராயரே! நாமும் பார்ப்போம்."

"மகாராஜா, வேர் அறுந்துவிடுமே..."

"தோண்டும் என்றேன்!"

மண்வெட்டி விழுந்தது. 'டங்' என்றது. மண்ணுக்குள் ஒரு தொட்டி! அடுத்த செடியின் கீழும் தொட்டி, அதற்கடுத்ததிலும் தொட்டி. வாடியதை எடுத்துவிட்டு, மலையிலிருந்து மூடுவண்டியில் வந்த புதுச்செடியைத் தொட்டியோடு புதைத்து வந்திருக்கிறான் அவ்வஞ்சகன்.

"இங்கே வேரே விடாத செடிக்கா எங்கள் கிணற்றைக் கொடுத்தீர்கள்?" வேலாத்தாளின் குரல் உயர்ந்தது. "ஒரு சருகுகூட உதிராத தோட்டம் உண்டா? எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. மகாராஜாவுக்குத் தெரியவில்லை!"

மன்னன் ஒவ்வொரு தொட்டியையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டு ராயன் பக்கம் திரும்பினான்.

"ராயரே, இத்தனை தொட்டியையும் தலையில் சுமந்து வீட்டுக்கொன்றாகக் கொடும். ஒவ்வொரு வாசலிலும் உம் வாயாலேயே இந்தக் கதையைச் சொல்லும். கிணறு தெருவுக்கே. வேலாத்தா, அரண்மனைத் தோட்டம் இனி உன் சொற்படி நடக்கும். எனக்கும் ஓர் ஆவாரங்கன்று கொடு."

ஆணைக்குப் பின்னும் பிடுங்காமல் வைத்திருந்த தன் தோட்டத்துக் கன்று ஒன்றை அவள் தோண்டி வந்தாள். கன்றோடு மண்வெட்டியையும் நீட்டினாள்.

"குழி யார் வெட்டுவது, மகாராஜா?"

மன்னன் மகுடத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தான்.

இவ்வழக்கு தீர்ந்தது விகாரி ஆண்டு, ஆடித் திங்கள் பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, உச்சிப்பொழுது.