சேஸிஸ் நம்பர் இல்லாத ஜீப்

கோபமே வராதவர்கள் இந்தப் புதிரைப் படித்துப் பயனில்லை. கோபம் வருகிறவர்கள் அதைக் கண்டபடி செலவு செய்துவிடாமல் கடைசிவரை கையில் வைத்திருக்க வேண்டும். யார்மேல் காட்டலாம் என்று முடிவில் கேள்வி வரும்.

கொங்கு நாட்டு ஊர் ஒன்றில் தமயந்தி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். அவளிடம் ஐம்பது வயது தாண்டிய வில்லீஸ் ஜீப் ஒன்று உண்டு. அந்த ஊரில் ஸ்டீயரிங் பிடிக்கிற பெண்களில் பாதிப் பேர் அதில்தான் கிளட்ச் பழகினார்கள். எத்தனை சுவரில் இடித்தாலும் கோபித்துக்கொள்ளாத வண்டி அது. இப்போது அதன் பதிவு காலாவதியாகிவிட்டது. அப்படியே விட்டால் காயலான் கடைக்குத்தான் போக வேண்டும். பழம்பெரும் வண்டி என்று தனியாகப் பதிவு செய்துவிட்டால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, ஊர்வலம் என்று எப்போதாவது ஓட்டியும் போகலாம். தமயந்திக்கு அது போதும்.

அதற்காக ஜீப்பை டிங்கர் குப்புராஜிடம் விட்டாள். "ஒரு கீறல்கூடக் கண்ணுல படக்கூடாதுங்ணா" என்று சொன்னதும் அவள்தான். குப்புராஜ் சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் ஏறியிருந்த துருவை கிரைண்டர் போட்டு வழவழவென்று தேய்த்து, மேலே கறுப்புப் பெயிண்ட்டும் அடித்துவிட்டார். துருவோடு சேர்ந்து, வண்டிக்கு அடையாளமாக அங்கே குத்தியிருந்த சேஸிஸ் நம்பரும் போய்விட்டது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அன்று காலை அங்கே ஒரு பால் லாரியின் சேஸிஸில் இரண்டு பேர் சுத்தியலும் அச்சுமாக நம்பர் குத்திக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர் அரங்கநாயகம் கையில் ஓர் உத்தரவுத் தாளோடு பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் தமயந்தியின் ஜீப்புக்கு வந்தார். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் உரசினார். தாள் கறுத்ததே தவிர ஓர் எண்கூட எழும்பவில்லை.

"நம்பர் இல்லாத வண்டி யார் வண்டியோ. திருட்டு வண்டியாக்கூட இருக்கலாம்" என்றார்.

தமயந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க வீட்டம்மா இந்த ஜீப்புலதானுங்க சார் வண்டி பழகுனாங்க. டெஸ்ட் அன்னைக்கு நீங்களே வந்து நின்னு பாத்தீங்க. இப்பத் திருட்டு வண்டின்னா எப்படிங்க?"

"எனக்குத் தெரியும்மா. பென்சிலுக்குத் தெரியாதே."

"வேற வழியே இல்லீங்களா?"

"இல்லை" என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

பழைய வண்டிகள் சேர்க்கிற வேதகிரி என்பவர் தன் கார் விஷயமாக அங்கே வந்திருந்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை. "டீச்சரம்மா, எங்கிட்ட இதே வருஷத்து ஜீப் ஒண்ணு எரிஞ்சு கெடக்குது. நம்பர் பளிச்சுனு இருக்குது, ஆர்.சி. புத்தகமும் இருக்குது. அந்தத் துண்டை வெட்டி உங்களதுல வெச்சு வெல்டிங் பண்ணிக்கலாம். பென்சில் ஒண்ணும் கேக்காது" என்றார்.

"எஞ்ஜீப்பு எதுக்குங்க இன்னொரு வண்டி பேருல ஓடோணும்?" என்று தமயந்தி மறுத்துவிட்டாள்.

எப்படியாவது கெஞ்சிப் பார்க்கலாம் என்று மறுநாளும் ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு போனாள். குப்புராஜும் கூடவே வந்தார். ஆய்வாளர் சலித்துக்கொண்டே பென்சிலை உரசினார். ஒவ்வொன்றாக எண்கள் எழும்பின. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அதே நம்பர். தமயந்தி திரும்பிக் குப்புராஜைப் பார்த்தாள்.

"நாந்தானுங்க அம்மிணி குத்துனன்" என்றார் அவர் தலையைக் குனிந்தபடி. "என்னாலதான போச்சு, மனசு ஆறலீங்க. நம்ம புத்தகத்துல இருக்கற நம்ம நம்பருதானுங்க. இதுல பொய் எங்கீங்க இருக்குது?"

அது ஆய்வாளர் காதிலும் விழுந்தது. அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "பெயிண்ட்டுக்கு அடியில இருந்துச்சு, சுரண்டினதும் தெரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. கையெழுத்துப் போட்டுர்றேன். எனக்கும் வேலை மிச்சம்."

ஆமாம் என்றால் ஜீப் பிழைக்கும். உண்மையைச் சொன்னால் ஜீப் பறிபோகும், தன் இஷ்டத்துக்கு நம்பர் குத்தியதற்காகக் குப்புராஜ் மேல் வழக்கும் வரும். முப்பது வருஷம் ஊர் அறிய ஓட்டிய சொந்த வண்டியைத் தன்னுடையது என்று சொல்ல ஒரு பொய் தேவைப்படுகிறதே என்று தமயந்திக்கு ஆத்திரமாக வந்தது.

வேதகிரி வேறொரு வண்டியின் அசல் நம்பரைக் கொடுக்க வந்தார். குப்புராஜ் இதே வண்டியின் சரியான நம்பரைத் திருட்டுத்தனமாகக் குத்தினார். ஆய்வாளர் எதையும் வெட்டவில்லை, குத்தவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். இந்த மூவரில் பெரிய பொய்க்காரர் யார்? கையில் வைத்திருக்கும் கோபத்தை யார்மேல் காட்டலாம்?

விடை: ஆய்வாளர்தான், சந்தேகமே வேண்டாம். அழிந்துபோன நம்பரை உத்தரவு வாங்கி மறுபடி குத்த முறைப்படி வழி இருந்தது. பால் லாரிக்கு அவரே நின்று குத்த வைத்தார், அதே காலையில் தமயந்தியிடம் வழியே இல்லை என்றார். விசாரணை, சாட்சி என்று தனக்கு வேலை வந்து சேருமே என்ற ஒரே காரணம். மற்ற இருவரின் வழியும் தவறுதான். ஆனால் வேதகிரி தன் வண்டியைக் கொடுக்க முன்வந்தார், குப்புராஜ் தன்னையே பணயம் வைத்தார். இவர் தன் பங்குக்கு ஒரு துரும்பும் கொடுக்காமல், பொய்யை மட்டும் அவள் வாயால் சொல்லச் சொன்னார். தமயந்தி வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி பதில் சொன்னாள்: "பெயிண்ட்டுக்கு அடியில ஒண்ணுமே இல்லீங்க சார். குப்புராஜண்ணன் மேல கேஸ் எழுதறதுன்னா எழுதுங்க. பொய் சொல்லச் சொன்னவரு பேரையும் அதுலயே எழுதிக்கங்க, நானே சாட்சிக்கு வர்றன்."