கப்பற்பள்ளிக்கு ஒரு பெயர்

"நிலையில்லாத ஒருத்தியைப் படைக்கு அனுப்பலாமா, சாமி?"

கேட்டவர் வேல்நம்பி. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு சிறிய நாட்டுக்குத் தலைவர். தலைவர் என்றதும் பல்லக்கும் பரிவாரமும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வெயிலுக்கு ஒரு குடை உண்டு. அதையும் அவரே பிடித்துக்கொண்டு நடப்பார். வயது அறுபதை நெருங்கியிருந்தது.

கேட்கப்பட்டவர் சுனைச்சாமி. குன்றின் உச்சியில் ஒரு சுனை, சுனைக்குப் பக்கத்தில் ஒரு குடிசை, குடிசையில் இந்த அம்மாள். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஆனாலும் எதுவென்றாலும் தலைவர் இங்கேதான் வருவார், மூச்சு வாங்க, குன்றைத் திட்டிக்கொண்டே.

சுனைச்சாமி முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு அவ?"

"செவந்தி. கரையூர்ப் பொண்ணு. எழுதிக் குடுத்த ஓலையை மூணு தடவை மாத்திட்டா."

அந்த நாடு அடங்கியிருந்த பேரரசில் படைப்பள்ளிகள் மூன்று இருந்தன. மலைப்பள்ளி, குதிரைப்பள்ளி, கப்பற்பள்ளி. சேர நினைப்பவர்கள் மூன்றையும் தங்கள் விருப்ப வரிசைப்படி ஓர் ஓலையில் எழுதி நாட்டுத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். தலைவர் பள்ளிக்கு ஒருவராகப் பெயர் எழுதி அனுப்புவார். அவர் எழுதாத ஆள் பள்ளி வாசலில்கூட நிற்க முடியாது. தகுதியான ஆள் இல்லை என்று அவர் நினைத்தால் அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடலாம்.

விருப்ப வரிசையைத் தை மாத நிறைமதி நாள்வரை மாற்றலாம். அன்றுதான் நிறைமதி.

"மாத்தலாம்னு விதி இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

"விதி இருந்தா மூணு தடவையா? முதல்ல கப்பலை மேல போட்டா. பத்து நாள்ல கப்பலைக் கீழ தள்ளி மலையை மேல போட்டா. அப்புறம் மலைக்குப் பதிலா குதிரை. நேத்து வந்து மறுபடியும் கப்பல் மேல. ஓலையிலேயே நிக்கத் தெரியாதவ எதிரி முன்னாடி எப்படி நிப்பா?"

"அடிச்சுட வேண்டியதுதானே பேரை?"

வயது வரம்பு இருபது. செவந்திக்கு வரும் சித்திரையில் இருபது முடிகிறது. இந்த வருஷம் விட்டால் அவளுக்கு எந்தப் பள்ளியும் கிடையாது. அதுதான் அவரைக் குன்று ஏற வைத்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒரே கீறலில் முடித்துவிடுகிற ஆளில்லை அவர். நல்ல மனிதர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"மத்தவங்க ஓலை இருக்கா?"

இருந்தது. தோள்பையிலிருந்து ஓலைக் கட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். பதினோரு ஓலைகள்.

"இவங்கெல்லாம் ஒருதடவை எழுதினா எழுதினதுதான்" என்றார், தானே பெற்று வளர்த்த பிள்ளைகளைப் போல.

"படிங்க. முதல் வரி மட்டும் போதும்."

தலைவர் படித்தார்.

"மலைப்பள்ளி. குதிரைப்பள்ளி. மலைப்பள்ளி. மலைப்பள்ளி. குதிரைப்பள்ளி."

பதினொன்றையும் படித்து முடித்தார். சுனைச்சாமி முறத்தில் இருந்த கல்லைப் பொறுக்கிப் போட்டார்.

"இப்ப கடைசி வரி."

"கப்பற்பள்ளி. கப்பற்பள்ளி. கப்பற்பள்ளி."

ஆறாவது ஓலையில் தலைவரின் குரல் இறங்கியது. ஒன்பதாவதில் நின்றுவிட்டது. மீதி இரண்டையும் அவர் கண்ணால் மட்டும் பார்த்தார்.

"உங்க நாட்டுல கடல் எந்தப் பக்கம்?"

"தெரிஞ்சுக்கிட்டே கேட்டா எப்படி, சாமி? மூணு பக்கமும்தான்."

"இவங்கெல்லாம் எந்த ஊரு?"

"எட்டுப் பேர் கரையூர்."

"ம்."

"பசங்களுக்குக் கடல்னா பயம் வந்துருச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைங்க அப்படித்தான்."

"யாரைக் கேட்டீங்க?"

"யாரையும் கேக்கலை. ஓலையே சொல்லுதே."

"அந்தப் பொண்ணை?"

"அவளையும் கேக்கலை. ஏன் மாத்தினேன்னு கேக்கறது வழக்கமில்லை."

"கேளுங்க."

"சரி. ஆளனுப்பி வரச் சொல்றேன்."

"நீங்க போங்க."

"கரைக்கா?"

"அவ வீடு அங்கதானே இருக்கு."

தலைவர் குடையை எடுத்தார். கீழே வைத்தார். சாமி வேறு ஏதாவது சொல்வாரா என்று பார்த்தார். சுனைச்சாமி மறுபடியும் புடைக்கத் தொடங்கிவிட்டார். அந்த அம்மாள் புடைக்க ஆரம்பித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

குன்றின் அடிவாரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் தலைவரின் வீடு. வலது பக்கம் கரையூர். தலைவர் அந்த இடத்தில் வெகுநேரம் நின்றார். வலது பக்கம் அவர் போய் ஆறு வருஷமாகிறது.

பிறகு போனார்.

செவந்தி கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். குடையைத்தான் முதலில் பார்த்தாள். யாரென்று தெரிந்ததும் எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, வேலை இருப்பதுபோல் எழுந்து தள்ளிப் போனார்கள்.

தலைவர் கடலுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார்.

"ஏன் தாயி மாத்தினே?"

"எதைங்க ஐயா?"

"கப்பலைக் கீழ தள்ளினியே, அதை."

செவந்தி காலடி மணலைப் பார்த்தாள்.

"வீட்டுல சொன்னாங்க. கப்பல்னு மேல எழுதினா ஐயா அந்த ஓலையைத் தொடவே மாட்டாருன்னு."

"கடலுக்குப் பயந்து இல்லையா?"

"இல்லைங்க. உங்களுக்குப் பயந்து."

தலைவருக்குக் கோபம்தான் வந்தது. வராமல் என்ன செய்யும்?

"நான் என்ன புலியா, கரடியா? தகுதி பார்த்து எழுதறவன் நான். யாரு என்ன கேட்டிருந்தாலும் தகுதிதான் பார்ப்பேன்."

"ஆறு வருஷமா நீங்க யாரையும் கப்பலுக்கு எழுதலைங்க ஐயா."

"தகுதியான ஆள் வரலை."

"எங்கண்ணன் வந்தான்."

தலைவருக்கு அந்தப் பையன் நினைவுக்கு வந்தான். நாலு வருஷத்துக்கு முன்னால். கரையூரிலிருந்து எதிர்த்தீவு வரைக்கும் நீந்திப் போய் வந்தவன். அவன் ஓலையில் என்ன குறை கண்டோம் என்று யோசித்தார். மூக்கடைப்பு என்று எழுதிய ஞாபகம். அதற்கு முந்தின வருஷம் வந்த பையன் குள்ளம் என்று எழுதினார். இன்னொருவனுக்குக் கையெழுத்து சரியில்லை.

மூக்கடைப்பு. இதையெல்லாம் எழுதியபோது அவர் நேர்மையாகத்தான் எழுதினார். அதுதான் கொடுமை.

"மருதண்ணன் போனதுக்கப்புறம் நீங்க இந்தப் பக்கமே வரலை. ஊருக்கே தெரியும். யாரும் உங்களைத் தப்பா பேசலைங்க. பாவம்னுதான் சொல்வாங்க. பாவம்னு சொல்லிட்டு, எங்களை மலைன்னு எழுதச் சொல்வாங்க."

மருதன் தலைவரின் ஒரே மகன். அவனைக் கப்பற்பள்ளிக்குத் தன் கையாலேயே பெயர் எழுதி அனுப்பினார். எட்டாவது மாதம் பயிற்சிப் படகு கவிழ்ந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை. எரிக்க எதுவும் இல்லாததால் அவன் துணியை எரித்தார்கள்.

தலைவர் குடையை மணலில் ஊன்றினார்.

"இன்னொரு வீட்டுல அப்படி ஆகக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தார். இதுவரை தனக்குத்தானேகூட அவர் இதைச் சொல்லிக்கொண்டதில்லை. சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது.

"உன் அண்ணன் இப்ப எங்கே?"

"அங்கேதாங்க."

அவள் கைகாட்டிய பக்கம் தலைவர் திரும்பினார். ஆறு வருஷத்துக்குப் பிறகு கடலைப் பார்த்தார். தூரத்தில் பத்துப் பதினைந்து படகுகள் இருந்தன. காற்று பலமாக இருந்தது.

"நீங்க எழுதலைன்னா நாங்க கடலுக்குப் போகாம இருப்போமாங்க ஐயா? தினமும்தான் போறோம். பள்ளிக்குப் போயிருந்தா நல்ல கப்பல்ல போயிருப்பான். இப்ப எங்க அப்பாவோட ஓட்டைப் படகுல போறான்."

தலைவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்க அவர் முயற்சி செய்யவில்லை. செவந்திக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நண்டுக் கூடையைப் பார்த்தாள்.

"நான் மாத்தினது தப்புங்களா ஐயா? கீழ தள்ளின அன்னையிலேர்ந்து எனக்குச் சோறே இறங்கலை. மலைக்குப் பதிலா குதிரை போட்டாலாவது இறங்குமான்னு பார்த்தேன். இறங்கலை. அதான் நேத்து திரும்பவும் வந்தேன். எழுதலைன்னாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்லிட்டுப் போவோம்னு."

"நீ மூணு தடவை மாத்தினே. மூணையும் எழுதிக் கொண்டுவந்து குடுத்தே. நான் ஒரே தடவைதான் தாயி மாத்தினேன். அதை யாருகிட்டயும் எழுதிக் குடுக்கலை. எனக்கே குடுக்கலை."

பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. தலைவர் கரையில் கிடந்த ஒரு படகின் ஓரத்தில் உட்கார்ந்தார். பையிலிருந்து எழுத்தாணியையும் வெற்று ஓலையையும் எடுத்தார்.

மலைப்பள்ளிக்கு ஒரு பெயர் எழுதினார். குதிரைப்பள்ளிக்கு ஒரு பெயர் எழுதினார். கை நன்றாகத்தான் ஓடியது.

மூன்றாவது வரியில் எழுத்தாணியின் முனை ஓலையைத் தொட்டுத் தொட்டு விலகியது. ஓலை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது.

"பெத்த பிள்ளை பேரை எழுதின கை, தாயி. வரமாட்டேங்குது."

செவந்தி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். அவருக்கு எதிரே மணலில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஓலையின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நான் பிடிச்சுக்கறேன். மெதுவா எழுதுங்க ஐயா. அண்ணன் கரையேற இன்னும் நேரமிருக்கு."