கிளிக்குச் சொல் அலுத்த கதை

கல்லையும் மரத்தையும் தவிர மற்ற எல்லாமே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலோரத்து இலுப்பைத் தோப்பு ஒன்றில் பவளம் என்று ஒரு கிளி இருந்தது. கப்பலில் வந்த வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சில வருஷம் கூண்டில் கிடந்ததால் அதற்கு இங்கிலீஷ் தெரியும். கூண்டுக் கதவு திறந்து கிடந்த ஒரு நாள் தப்பி வந்து, தோப்பிலேயே மூத்த இலுப்பை மரத்தில் பொந்து பார்த்துக் குடித்தனம் வைத்தது. வந்த நாளிலிருந்து அதன் நிம்மதி போயிற்று.

துரையின் மேசையிலிருந்து ரொட்டியைத் தூக்கிவந்த காகம், அவர் கேட்டால் சொல்ல அவர் பாஷையில் ஒரு சொல் கொடு என்றது. பவளம் திருட்டுக்கு உள்ள சொல்லைக் கொடுத்தது. காகத்தின் முகம் சுண்டிவிட்டது. பசிக்கு எடுத்ததெல்லாம் திருட்டா, கௌரவமாக வேறு ஒன்று பார்த்துக் கொடு என்று நாள் முழுக்க நச்சரித்தது. பகலெல்லாம் சேற்றில் புரண்ட எருமைக்கோ, ஆழ்ந்த யோசனையில் இருந்ததாகப் பொருள் வரும் சொல் வேண்டுமாம். பவளத்துக்குத் தலை கிறுகிறுத்தது.

"சொல்லுங்கறது செருப்பு மாதிரி. காலைப் பாத்து எடுக்கணும், ஆசையைப் பாத்து எடுத்தா நடக்க முடியாது" என்று சொல்லிப் பார்த்தது. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இப்படி இருக்கையில் பவளத்தின் பொந்தில் இரண்டு குஞ்சுகள் பொரித்தன. இறகு முளைக்காத, கண்கூடச் சரியாகத் திறக்காத குஞ்சுகள். அந்த வாரம்தான் துரைக்குக் கிடங்கு கட்டும் எண்ணம் வந்தது. உத்திரத்துக்கு இலுப்பை நல்லது என்று யாரோ சொல்ல, அவர் தோப்புக்கே வந்து நின்று, மரங்களை வெட்டிக்கொள்ளலாமா, நாளைக் காலை வருகிறேன், பதில் சொல்லுங்கள் என்று பவளத்திடம் தன் பாஷையில் மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

தோப்பே கூடியது. கூட்டத்துக்குத் தலைவர் நாரையார். ஒற்றைக் காலில் நின்றபடியே எல்லாருக்கும் நல்லவராக இருக்கத் தெரிந்தவர். வெட்ட விடக் கூடாது என்பதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு இல்லை. அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் வந்தது வினை.

பவளம் அன்று மத்தியானமெல்லாம் அதைத்தான் யோசித்து வைத்திருந்தது. முடியாது என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொன்னால் எப்படி முடியும் என்று துரை வழி சொல்லிக்கொடுப்பார். விருப்பமில்லை என்பதற்கும் ஒன்று உண்டு. விருப்பம் வர என்ன வேண்டும் என்று கேட்பார். இப்போது வேண்டாம் என்றால், எப்போது என்பார். கடைசியில் மிஞ்சியது 'நோ' என்ற ஒரு சின்னச் சொல். பங்களாவில் இருந்த நாளில் அந்தச் சொல்லுக்குத்தான் துரையே அடங்கிப் பவளம் பார்த்திருக்கிறது.

பவளம் அதைக் கூட்டத்தில் சொன்னதும் நாரையார் பதறிப்போனார். வீடு தேடி வந்த மனிதரிடம் இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்வதா என்றார். அணில் குறுக்கே புகுந்து, குதிரில் ஒரு மணி இல்லாவிட்டாலும் 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்கிற வழக்கத்தில் வந்தவர்கள் நாம் என்றது. போகும்போதுகூட 'வரேன்' என்றுதானே சொல்கிறோம் என்று எருமை ஒத்து ஊதியது. எல்லாரும் பேசிப் பேசி, 'அதுக்கென்ன, பார்ப்போம்' என்று சொல்வதாக முடிவாயிற்று. அப்படிச் சொன்னால் நடக்காது என்றுதான் பொருள் என்பது தோப்பில் நேற்றுப் பிறந்த குஞ்சுக்கும் தெரியும்.

"துரைக்குத் தெரியாதே பெரியவரே" என்றது பவளம். "உங்க மனசில இருக்கிறது ஒண்ணு, வாயில வர்றது ஒண்ணு. நான் எதை அவர் பாஷையில சொல்லட்டும்?"

"நாங்க சொல்றதைச் சொல்லு, போதும். அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே" என்றார் நாரையார்.

மறுநாள் காலை துரை வந்தார். பவளத்தின் அலகு நுனியில் அந்தச் சின்னச் சொல் தயாராக நின்றது. வாயைத் திறக்கப் போகையில், நயமா சொல்லு, நயமா சொல்லு என்று நாரையார் பின்னால் இருந்து இடித்தார். பார்த்துப் பேசு, எங்கள் மானத்தை வாங்கிவிடாதே என்று காகம் கரைந்தது. சொல்லைத் தேடித் தேடிக் கொடுத்து ஏச்சு வாங்கிய அத்தனை நாளின் எரிச்சலும் பவளத்துக்கு ஒன்றாகத் தலைக்கேறியது. எக்கேடோ கெடுங்கள் என்று, அவர்கள் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் இங்கிலீஷில் சொல்லிவிட்டது. அதற்கென்ன, பார்ப்போம்.

துரை முகம் மலர்ந்து தொப்பியைக் கழற்றினார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு பதவிசாக முடிந்தது பார்த்தாயா என்று நாரையார் பவளத்தின் முதுகைத் தட்டினார்.

அடுத்த நாள் பவளம் இரை தேடிப் போயிருந்த நேரத்தில் கோடரிகள் வந்தன. சத்தம் கேட்டு ஓடி வந்த கிளி, மரத்துக்குப் போகாமல் நேரே துரையிடம் பறந்தது. நோ, நோ என்று அவர் தலையைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. துரை அதை விசித்திரமாகப் பார்த்தார். நேற்று ஒரு சொல், இன்று ஒரு சொல்லா, நீ நேற்றுச் சொன்னதை நம்பித்தானே ஆட்களை அனுப்பினேன் என்றார்.

திரும்பி வந்தபோது மூத்த இலுப்பை சாய்ந்து கிடந்தது. பொந்து இருந்த பக்கம் மண்ணில் அழுந்திக் கிடந்தது. பவளம் அந்த இடத்தை அலகால் தோண்டித் தோண்டிப் பார்த்தது. பிறகு அழுதது. மண்ணோடு ரத்தமும் சேர்ந்து அலகு சிவந்துபோயிற்று.

தோப்பு முழுக்க வந்து சுற்றி நின்றது. ஒரு ஆறுதல் சொல்லுக்காகப் பவளம் நிமிர்ந்து பார்த்தது. நாரையார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாங்க வேண்டாம்னுதானே சொன்னோம். நீதான் மாத்திச் சொல்லிட்டே."

எல்லாத் தலைகளும் ஆமாம் ஆமாம் என்று ஆடின. பவளம் ஒருவர் முகத்தையும் விடாமல் பார்த்தது. அதற்குச் சொல்ல எத்தனையோ இருந்தது, இரண்டு பாஷையிலும் இருந்தது. அத்தனையையும் விட்டுவிட்டு நாரையாரின் பக்கம் திரும்பி, அவர் குரலிலேயே, "நாங்க வேண்டாம்னுதானே சொன்னோம். நீதான் மாத்திச் சொல்லிட்டே" என்றது.

சொந்தமாக ஒரு சொல் பேசுவதைக் கிளிச்சாதி அன்றைக்கு விட்டதுதான். அர்த்தம் தெரியாமல் பேசுகிறது பார் என்று நாம் இன்றும் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அதையும் அது அப்படியே திருப்பி நம்மிடம் சொல்கிறது.